கரி கக்கும் எண்ணெய் பொயிலர்: இரண்டு சேர்விஸ் செய்தும் தீரவில்லை, உதவி தேவை

பனைநிழல் | ஜனவரி 9, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். ஹரோவில் 15 வருடம் இருந்துவிட்டு, போன கோடையில் நோர்ஃபோக்கில் ஒரு கிராமத்துக்கு வீடு மாறினோம். இந்தப் பக்கம் காஸ் குழாய் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு பச்சைத் தாங்கி நிற்கிறது, லொறியில் எண்ணெய் வருகிறது, அதில்தான் வீடு சூடாகிறது. எனக்கு இது முற்றிலும் புதிது.

எங்கள் பொயிலர் குசினிக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் நிற்கிறது. 22 கிலோவாட், வயது 20க்கு மேல். ஒக்டோபரில் போட்ட நாளிலிருந்து தொல்லைதான். முதலில் மணம் வந்தது. அப்புறம் யன்னல் படியில் கறுப்புத் தூள்; துணியால் துடைத்தால் கண்மையைத் துடைத்தது போல் வருகிறது. பொயிலர் கதவைச் சுற்றி ஒரு கரிக்கோடு. வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் தானாக நின்று சிவப்பு விளக்கு எரியும். பட்டனை அழுத்தினால் திரும்ப ஓடும்.

ஒக்டோபர் கடைசியில் ஒருவரைக் கூப்பிட்டு சேர்விஸ் செய்தோம். டிசம்பர் நடுவில் திரும்பவும் அவரே வந்தார். இரண்டு தரமும் கரியை உறிஞ்சி எடுத்தார், எண்ணெயைத் தூவும் நுனியான நொசிலை மாற்றினார். மூன்று வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி. இப்போது "இது முடிந்துவிட்டது, புதிது போடுங்கள்" என்கிறார். 4,000 பவுண்டுக்கு மேல் கேட்கிறார்.

மாமாவுக்கு 74 வயது, தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது. அந்தச் சின்ன அறையைத் தாண்டித்தான் அவருடைய படுக்கையறை. பணத்தை விட அதுதான் என் யோசனை. நான் பள்ளியில் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, ஜாம்போத்தல் விளக்கில்தான் படித்தோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இங்கே எரிவதும் அதே மண்ணெண்ணெய்தான் என்று இந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். அதே கறுப்பு என் மகளின் கைக்குட்டையில் வந்ததைப் பார்த்ததும் மனது தாங்கவில்லை.

உண்மையிலேயே புதிது வாங்கத்தான் வேண்டுமா?

---

செந்தில்_பாஸ்டன் | ஜனவரி 9, இரவு 11.05

அக்கா, நான் பாஸ்டனுக்கு வடக்கே இருக்கிறேன், சொந்த ஊர் ஈரோடு. இங்கே பழைய வீடுகளில் பேஸ்மென்ட்டில் எண்ணெய் பாய்லர் இருப்பது ரொம்பச் சாதாரணம். மூன்று குளிர்காலத்துக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி பாய்லர் வெடிச் சத்தத்தோடு பற்றியது. இங்கே அதை "பஃப்பேக்" என்பார்கள். தீப்பொறி உடனே வராமல் தாமதித்ததில் உள்ளே எண்ணெய்த் துளி சேர்ந்து, பிறகு எல்லாம் ஒரே மூச்சில் பிடித்திருக்கிறது. புகைக்குழாய் மூட்டு கழன்று, கரி மாடிப் படுக்கையறை அலமாரிக்குள் தொங்கிய சட்டை வரை போய்விட்டது. பொறி கொடுக்கும் எலெக்ட்ரோடின் பீங்கானில் மயிரிழை விரிசல், அதுதான் காரணம்.

அதனால் முதலில் நாசில், ஃபில்டர், எலெக்ட்ரோடு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெயைத் தூவி எரிக்கும் பர்னரின் பக்கவாட்டில் காற்று விடும் ஷட்டர் இருக்கும், அதைக் கொஞ்சம் திறந்து பார்த்தாலும் கரி குறையலாம்.

---

காரைநகரான் | ஜனவரி 10, காலை 6.50

தங்கச்சி, வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். நான் ஹெரிஃபோர்ட் பக்கம் 20 வருடமாக எண்ணெய் பொயிலர் வேலை செய்கிறேன், ஒஃப்டெக் (எண்ணெய் பொயிலர் வேலை செய்பவர்களைப் பதியும் அமைப்பு) பதிவு உள்ளவன்.

பொயிலரைப் பற்றிக் கதைக்கும் முன் ஒரு கேள்வி. அந்த அறையில் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு, மணமே இல்லாத நச்சு வாயு) அலாரம் இருக்கிறதா? மாமாவின் அறையில்? இல்லையென்றால் இன்றைக்கே போய் வாங்குங்கள், எண் காட்டும் திரை உள்ளதாக. திரை ஏன் முக்கியம் என்றால், இந்த அலாரங்கள் காற்றில் 50 பி.பி.எம் (பத்து இலட்சத்தில் 50 பங்கு) இருந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும், ஒன்றரை மணி வரை எடுக்கலாம். 30 என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் அடிக்கவே கூடாது என்பதுதான் அதன் தரவிதி. ஆகவே அலாரம் அடிக்கவில்லை என்பதற்காக வீட்டில் வாயு இல்லை என்று ஆகாது. தொய்வுள்ள ஒரு பெரியவர் தூங்கும் வீட்டில் நான் பூச்சியத்தைத் தவிர வேறு எண்ணை ஏற்கமாட்டேன்.

இரண்டாவது, சிவப்புப் பட்டன். ஒரு தரம் அழுத்தலாம். இரண்டாவது தரமும் பற்றாவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பேர்னர் சில விநாடி எண்ணெயைத் தூவும். பற்றாத எண்ணெய் பொயிலரின் எரிபெட்டிக்குள் தேங்கி நிற்கும். தம்பி செந்தில் சொன்ன வெடி அப்படியும் வரலாம்.

ஆனால் தம்பி, காற்று ஷட்டரைக் கையால் திறந்து பார்க்கச் சொன்னதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கருவி வைக்காமல் அதைத் தொடவே கூடாது. காற்று கூடிப்போனால் சுடர் அறுந்து போகும், பற்றவைப்பு தடுமாறும், சூடு எல்லாம் புகைக்குழாயால் போகும். குறைந்தால் கரி. கண்ணால் பார்த்து இரண்டுக்கும் நடுவைப் பிடிக்க இந்தத் தொழிலில் யாராலும் முடியாது.

அரிக்கன் லாம்பை நினைத்துப் பாருங்கள். திரியை உயர்த்தினால் சிமினி கறுக்கும். திரி சரியாக இருந்தும், அடியில் காற்றுத் துளையில் பூச்சி அடைத்தாலும் அதே சிமினி கறுக்கும். கறுப்பைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சிமினியைத் துடைத்து வைத்தால் நாளைக்கும் கறுக்கும். உங்கள் வீட்டில் இரண்டு தரம் நடந்தது சிமினி துடைப்புத்தான்.

1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிய ஏறத்தாழ 10 கன மீற்றர் காற்று வேண்டும். ஒரு சின்ன அறை நிறைய என்று வையுங்கள். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை இதுவரை யாராவது கேட்டார்களா?

எனக்கு இவை தெரிய வேண்டும்:
புகைக்குழாய் சுவரைத் துளைத்து நேரே வெளியே போகிறதா, அல்லது கூரை வரை ஏறும் பழைய சிம்னிக்குள் போகிறதா? அந்த அறையின் வெளிச்சுவரில் காற்றுத் துவாரம் இருக்கிறதா? கரி உலர்ந்த தூளா, கையில் பிசுபிசுக்கிறதா? பொயிலர் நிற்பது எந்த நேரத்தில்?

கடைசிக் கேள்வியை இலேசாக எடுக்காதீர்கள். ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

---

ஆன்ட்ரிம்காரன் | ஜனவரி 10, காலை 9.15

வட அயர்லாந்தில் பத்து வீட்டில் ஆறுக்கு மேல் எண்ணெய்தான் அக்கா, இங்கே இது வீட்டுக்கு வீடு கதை. எண்ணெய் தீர்ந்தால் பெற்றோல் ஷெட்டில் 20 லிட்டர் கேனில் வாங்கி ஊற்றுவோம். எங்களுக்கும் கரி வந்தது. எங்களுடையது சுவரால் நேரே வெளியே போகும் வகை, காற்றையும் வெளியிலிருந்து ஒரு வளையும் குழாயால்தான் எடுக்கும். அந்தக் குழாய் பேர்னரிலிருந்து கழன்று கிடந்தது. பெட்டிக்குள் கசிந்த புகையையே திரும்ப மூச்செடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இரண்டு பவுண்டு கிளிப்போடு முடிந்தது. காரைநகரான் அண்ணா சொல்வது போல் காற்றைத் தேடுங்கள்.

---

பனைநிழல் | ஜனவரி 12, இரவு 9.40

அலாரம் இரண்டு வாங்கி வைத்தேன். நேற்று இரவு 7.30க்குச் சின்ன அறையில் 38 காட்டியது. சத்தமே இல்லை. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அந்தத் திரையைப் பார்த்தே இருக்கமாட்டேன். பொயிலரை நிறுத்தினேன், யன்னல்களைத் திறந்துவிட்டேன், எல்லோரையும் முன் அறைக்குக் கூட்டிப் போனேன். மாமா அன்று மூன்று மணியிலிருந்து தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாலையும் சொல்வார், நான் குளிர் என்றுதான் நினைத்தேன். மருத்துவமனையில் வேலை செய்பவள் நான். எனக்கே தோன்றவில்லை என்பது உறுத்துகிறது. அன்றிலிருந்து மின் ஹீற்றர்களில் இருக்கிறோம்.

உங்கள் கேள்விகளுக்கு: புகைக்குழாய் பழைய சிம்னிக்குள் போகிறது. கரி உலர்ந்த தூள், மாவைப் போல மெல்லியது. நின்ற நேரங்களைக் குறித்தேன்: மூன்று தரமும் மாலை 6.30க்கும் 8 மணிக்கும் இடையில்தான். பகலில் ஒரு தரம்கூட இல்லை. அது நான் சமைக்கும் நேரம் என்பது மட்டும் தெரிகிறது.

வெளிச்சுவரில் துவாரம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

---

காரைநகரான் | ஜனவரி 12, இரவு 10.05

நிறுத்தியது மிகச் சரி. ஒருவர் வந்து அளக்கும் வரை போடாதீர்கள். மாமாவை வைத்தியரிடம் காட்டுங்கள், இதைச் சொல்லியே காட்டுங்கள்.

சமைக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள புகை உறிஞ்சியைப் போடுவீர்கள்தானே?

இப்போது வெளியே போய், டோர்ச் அடித்து, அந்த அறையின் சுவரை வெளிப்பக்கமிருந்து பாருங்கள்.

---

பனைநிழல் | ஜனவரி 13, காலை 8.30

அண்ணா, வெளியே ஒரு களிமண் கிறில் இருக்கிறது! உள்ளே அதே இடத்தில் சப்பாத்து அலுமாரி நிற்கிறது. இழுத்துப் பார்த்தோம். துவாரத்துக்குள் மஞ்சள் நுரையை அடைத்து, மேலே ஒரு பலகை அறைந்து, சுவர் நிறத்திலேயே பெயின்ற் அடித்திருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறது என்று முன்பு இருந்தவர்கள் அடைத்திருக்க வேண்டும். உறிஞ்சியும் ஆம், ஒவ்வொரு மாலையும் முழு வேகத்தில் போடுவேன். குழம்பு தாளித்தால் வீடெல்லாம் மணக்கும் என்று பயந்து நான்தான் ஓகஸ்டில் பெரியதாக வாங்கிப் போட்டேன்.

---

காரைநகரான் | ஜனவரி 13, மதியம் 1.10

சாப்பாட்டு நேரம், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் பொயிலர் அறையிலிருந்துதான் காற்றை எடுக்கிறது. சிம்னியில் சூடான புகை தானாக மேலே ஏறும். அந்த இழுவைக்கு அறையில் பதில் காற்று வர வேண்டும். துவாரம் அடைபட்ட வீட்டில், இரட்டைக் கண்ணாடி யன்னலும் மூடியிருந்தால், அது கதவிடுக்கால்தான் வரவேண்டும். அந்த நேரம் பெரிய உறிஞ்சியைப் போட்டால் அதுவும் காற்றுக் கேட்கும். அதற்கு மிகச் சுலபமாகக் கிடைக்கும் வழி உங்கள் சிம்னி. மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பும். பேர்னர் தன் புகையையே உறிஞ்சும், ஒட்சிசன் குறையும், கரி பிறக்கும். கரி, சுடரைப் பார்க்கும் சின்னக் கண்ணில் படிந்தால் அதற்குச் சுடர் தெரியாது, எண்ணெயை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போடும். அது உங்களைக் காக்கத்தான் நின்றது.

திறந்த புகைக்குழாய் உள்ள எண்ணெய் பொயிலருக்கு இங்கிலாந்தின் கட்டட விதி ஒரு கணக்குச் சொல்கிறது. முதல் 5 கிலோவாட்டைக் கழித்து, மிச்சம் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீற்றர் நிரந்தரத் திறப்பு வேண்டும். 22இல் 5 போனால் 17. அதாவது 9,350. கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் தடையில்லாத ஓட்டை. மூடக்கூடிய கிறில் போடக்கூடாது.

நுரையை இன்றே பிடுங்குங்கள். ஆனால் உடனே பொயிலரைப் போட வேண்டாம். மூன்று மாதக் கரி உள்ளே இருக்கிறது. வேறு ஏதும் குழப்பம் இருக்கிறதா என்பதும் தெரியாது. ஒஃப்டெக் தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அருகில் உள்ள பதிவு பெற்றவர்களின் பெயர்கள் வரும். ஒருவரைக் கூப்பிட்டு மூன்று கேளுங்கள்: புகை எண் (புகையில் எவ்வளவு கரி என்ற அளவு) எடுப்பீர்களா, புகை வாயுப் பகுப்புக் கருவியின் அச்சுத்தாள் தருவீர்களா, உறிஞ்சியை முழு வேகத்தில் போட்டுப் புகை திரும்புகிறதா என்று சோதிப்பீர்களா? மூன்றுக்கும் உடனே ஆம் என்று சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். முன்பு வந்தவர் அச்சுத்தாள் தந்தாரா?

---

பனைநிழல் | ஜனவரி 13, மதியம் 1.30

இல்லை. பில் மட்டும்தான் தந்தார். "சேர்விஸ், நொசில், 120 பவுண்டு."

---

வடதுருவம் | ஜனவரி 13, மாலை 5.45

ஒஸ்லோவிலிருந்து. நோர்வேயில் 2020 ஜனவரியோடு வீடுகளை எண்ணெயில் சூடாக்குவதையே தடை செய்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் புதைத்திருந்த தாங்கியைத் தோண்டி எடுத்து, காற்று வெப்பப் பம்பி (வெளிக்காற்றின் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் மின் இயந்திரம்) போட்டோம். மணம் இல்லை, கரி இல்லை. சகோதரி, பழையதைச் செப்பனிடுவதில் காசைக் கொட்டாமல் நேரே அதற்குப் போகலாமே? அங்கே அரசு உதவியும் கொடுக்கிறார்கள் என்று கேள்வி.

---

காரைநகரான் | ஜனவரி 13, இரவு 9.20

சகோதரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெப்பப் பம்பிக்கு 7,500 பவுண்டு மானியம் உண்டு. நானே மூன்று வாடிக்கையாளரிடம் போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஜனவரி நடுவில், குளிரில், பயத்தில் எடுக்கிற முடிவாக அது இருக்கக்கூடாது. கூரைக்குக் கீழே சூடு தப்பாமல் தடுக்கும் கம்பளி போட்டிருக்கிறதா, ரேடியேற்றர் அளவு போதுமா, குழாய் எவ்வளவு தடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிய வேலை அது. இப்போது வீட்டில் ஒரு பெரியவர் குளிரில் இருக்கிறார். இந்த வாரம் செய்ய வேண்டியது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துவாரத்தை அடைத்தபடியே புதிய பொயிலரை அதே சிம்னியில் பூட்டியிருந்தால், 4,000 பவுண்டுப் பொயிலரும் மூன்று வாரத்தில் கரி கக்கியிருக்கும்.

---

செந்தில்_பாஸ்டன் | ஜனவரி 13, இரவு 10.10

அண்ணா, ஷட்டர் விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி. எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் அம்மா பம்பு ஸ்டவ்வில் நாசில் அடைத்தால் பின் வைத்துக் குத்துவார், உடனே நீலமாக எரியும். பாய்லர் நாசிலையும் அப்படிச் சுத்தம் செய்து போட முடியாதா? வருஷா வருஷம் மாற்றுவது வீண் செலவு போல இருக்கிறது.

---

காரைநகரான் | ஜனவரி 13, இரவு 10.40

ஸ்டவ்வில் எண்ணெய் முதலில் சூடாகி ஆவியாகித்தான் நொசிலால் வரும். ஊசியால் குத்தினால் ஓட்டை திறக்கும், போதும். பொயிலர் நொசில் வேறு சாதி. எண்ணெய் திரவமாகவே வந்து, உள்ளே சாய்வாக வெட்டிய நுண்ணிய வாய்க்கால்களில் சுழன்று, நுனியால் குடை போல விரிந்து மூடுபனியாக வெளியேறும். அந்தக் குடையின் கோணமும் அதன் ஒழுங்கும்தான் சுடரைத் தீர்மானிக்கிறது. நுனியில் ஊசி பட்டால் ஒரு பக்கம் கீறல் விழும், குடை கோணும், சுடர் எரிபெட்டியின் சுவரில் போய் அடிக்கும். சுடர் குளிர்ந்த இரும்பில் பட்ட இடத்தில் கரி. நொசிலுக்கு முன்னால் இருக்கும் சல்லடையை விரலால் தொடக்கூடாது என்று எனக்குப் பழக்கியவர் சொல்வார், ஊசிக்கு இடமே இல்லை. நொசில் விலை சின்னது. மாற்றுங்கள். ஆனால் அதே அளவில் மாற்றுங்கள்.

---

பனைநிழல் | ஜனவரி 17, இரவு 8.50

இன்று ஒருவர் வந்தார். மூன்று கேள்விக்கும் "அதைச் செய்யாமல் எப்படி சேர்விஸ் என்று சொல்வது?" என்று போனிலேயே சொன்னவர். நான் லீவு எடுத்து நான்கு மணி நேரம் பக்கத்தில் நின்றேன். பார்த்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

துடைக்கும் முன்னே அளந்தார், அதுதான் எனக்குப் புதிது. நுரை பிடுங்கிய துவாரத்தோடு, யன்னல்களையும் திறந்துவிட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டார். சைக்கிள் பம்பு போல ஒன்று, அதன் வாயில் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு. புகைக்குழாயில் உள்ள சின்ன ஓட்டையில் நுழைத்து, மெதுவாகப் பத்து இழுவை. கடதாசியை எடுத்தால் நடுவில் ஒரு வட்டம், தோசை கருகிய நிறத்தில். 0 முதல் 9 வரை சாம்பல் வட்டங்கள் அச்சடித்த அட்டையோடு வைத்துப் பார்த்தார். 6. "இது 0 ஆக இருக்க வேண்டும், 1 வரை பொறுக்கலாம்" என்றார். துவாரம் திறந்த பிறகும் 6!

கருவியில் காபனீரொட்சைட்டு 13.8 சதவீதம், காபனோரொட்சைட்டு 900 பி.பி.எம்முக்கு மேல், புகையின் சூடு 290 பாகை.

நிறுத்தி ஆறவிட்டு, பேர்னரைக் கழற்றினார். நொசிலின் ஆறுகோணப் பக்கத்தில் பொறித்திருந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியில் எனக்கும் காட்டினார்: 0.75. பொயிலர் கதவின் உட்பக்கத் தகட்டில் என்ன இருக்கிறது என்று என்னையே வாசிக்கச் சொன்னார்: நொசில் 0.60, தூவும் கோணம் 80 பாகை, அமுக்கம் 8 பார். பம்பியில் அளவுமானி பூட்டிப் பார்த்தபோது அமுக்கம் 9 பார்.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒக்டோபரில் வந்தவரிடம் "வீடு சூடாகவில்லை" என்று நான்தான் முறையிட்டேன். "பெரிய நொசில் போடுகிறேன், சூடு கூடும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

---

காரைநகரான் | ஜனவரி 17, இரவு 9.30

இப்போது எல்லாம் கூடி வருகிறது.

நொசிலில் உள்ள எண், 7 பார் அமுக்கத்தில் மணிக்கு எத்தனை அமெரிக்க கலன் என்பது. அமுக்கம் கூடினால் அதன் வர்க்கமூலக் கணக்கில் ஓட்டம் கூடும். 0.60ஐ 8 பாரில் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 2.4 லிட்டர். 0.75ஐ 9 பாரில் வைத்தால் 3.2. மூன்றில் ஒரு பங்கு அதிக எண்ணெய், அதே விசிறி, அதே காற்று, அதுவும் அடைத்த அறையில்.

இனி இந்த வட்டத்தைப் பாருங்கள். துவாரம் அடைபட்டதால் கரி. கரி ஒரு போர்வை. அது படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, புகைக்குழாயால் போகும். வீடு குளிரும். குளிருகிறது என்று பெரிய நொசில். அதனால் இன்னும் கரி, இன்னும் குளிர். நான் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரே பிழை இதுதான். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் எண்ணெய்க்குக் காசு கொடுத்துக்கொண்டே குளிரில் இருப்பார். உங்களிடம் பிழை இல்லை தங்கச்சி. குளிருகிறது என்று சொல்வது உங்கள் வேலை, ஏன் குளிருகிறது என்று அளப்பது வந்தவரின் வேலை.

அப்புறம் என்ன செய்தார்?

---

பனைநிழல் | ஜனவரி 17, இரவு 10.25

தரையில் துணி விரித்தார், முகமூடி போட்டார், எனக்கும் ஒன்று தந்தார். கரியை இலேசாக எடுக்கவேண்டாம் என்று அவர் சொல்லும் முன்பே எனக்கு அந்தப் பயம் இருந்தது. தொழிலால் வரும் புற்றுநோய் என்று ஒன்று உண்டு என்பதை வைத்தியம் முதலில் அறிந்ததே கரியிலிருந்துதான். 1775இல் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பெர்சிவல் பொட், சிம்னி துடைக்கும் பையன்களுக்கு வந்ததைப் பற்றி எழுதினார். மாணவியாகப் படித்தபோது பழைய கதையாக இருந்தது.

மேல் மூடியைத் திறந்து தகடுகளை ஒவ்வொன்றாக உருவினார். புகையை மறித்து மறித்துச் சுற்றவைக்கும் தகடுகளாம். ஒவ்வொன்றின் மேலும் அரை விரல் தடிப்புக்குக் கறுப்பு வெல்வெற் போலப் படிந்திருந்தது. ஊதினால் பறக்கும். இரண்டு தகடு தலைகீழாக இருந்தன. சுரண்டி, பிரஷ் போட்டு, தனியாக வைத்திருந்த கரி உறிஞ்சியால் இழுத்தார். வீட்டு வக்கூமை இதற்குப் போடவே கூடாதாம், நுண்கரி வடிகட்டியால் தப்பி மறுபக்கம் அறையெல்லாம் வருமாம். கதவிடுக்கை அடைக்கும் கயிறு கருகிப் போயிருந்தது, புதிது ஒட்டினார். நான் பார்த்த கரிக்கோடு அங்கிருந்துதான். 0.60 நொசில், புதிய ரப்பர் எண்ணெய்க் குழாய், சுடர்க்கண்ணைத் துணியால் துடைத்தார், எலெக்ட்ரோடு இடைவெளியைப் புத்தகத்தைப் பார்த்து மில்லிமீற்றரில் வைத்தார். அமுக்கம் 8.

பிறகு காற்று. கருவியைப் பார்த்தபடி ஒரு திருகைக் கால் சுற்று, திரும்பக் கால் சுற்று, காத்திருப்பு. முகத்தில் அவசரமே இல்லை.

கடைசி எண்கள்: காபனீரொட்சைட்டு 11.5, காபனோரொட்சைட்டு 14, புகைச்சூடு 205 பாகை. கடதாசி வெள்ளை. வட்டம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

யன்னல்களை மூடி, உறிஞ்சியை முழு வேகத்தில் போட்டு, குசினிக் கதவைத் திறந்து வைத்து, ஒரு புகைக்குச்சியைப் பிடித்துப் பார்த்தார். புகை சிம்னிப் பக்கமே போனது.

---

ஆன்ட்ரிம்காரன் | ஜனவரி 17, இரவு 11.00

85 பாகை இறங்கியிருக்கிறது! புகைச்சூடு 20 பாகை குறைந்தால் ஏறத்தாழ ஒரு சதவீதம் மிச்சம் என்று எங்கள் ஊரில் கணக்கு வைப்பார்கள். நொசில் திரும்பச் சின்னதானது அதற்கு மேலே. அக்கா, அந்த அச்சுத்தாளைப் பொயிலர் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்து வருபவர் எதோடு ஒப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

---

பனைநிழல் | மார்ச் 2, மாலை 6.15

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு தரமும் நிற்கவில்லை. இரண்டு அலாரமும் 0, உறிஞ்சி ஓடும்போதும் பார்த்தேன். முன்பு 500 லிட்டர் ஐந்து வாரத்துக்குத்தான் வந்தது. இந்த முறை ஆறு வாரம் முடிந்தும் தாங்கியில் நான்கில் ஒரு பங்கு நிற்கிறது. மாமா மாலையில் தலையிடி என்று சொல்வதில்லை. சப்பாத்து அலுமாரியை முன் கதவுக்கு மாற்றினோம். துவாரத்துக்குக் கீழே "அடைக்க வேண்டாம்" என்று மகள் இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறாள். குளிர்காற்று வருகிறதுதான். வரட்டும்.

அண்ணா, அடுத்த வாரம் எண்ணெய் லொறி வருகிறது. நிரப்பும் முன் நான் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

---

காரைநகரான் | மார்ச் 2, இரவு 8.40

வாசிக்க மிகவும் சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி.

தாங்கி இறங்கி நிற்கும் இந்த நேரம்தான் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நல்லது. தண்ணீர் எண்ணெயை விடப் பாரம், அடியில் போய் உட்காரும். நீர் கண்டுபிடிக்கும் பசை என்று சின்ன ரியூபில் விற்பார்கள். ஒரு நீளக் கோலின் நுனியில் பூசி, அடி தட்டும் வரை இறக்கி, ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். தண்ணீர் தொட்ட உயரம் வரை பசை நிறம் மாறும். இருந்தால் நிரப்பும் முன் எடுப்பிக்க வேண்டும். லொறிக்காரர் நிரப்பிய பிறகு இரண்டு மணி நேரம் பொயிலரைப் போடாதீர்கள், கலங்கிய அடி மண்டி திரும்ப உட்காரட்டும். அந்தக் கிராமத்தில் உங்களைப் போல் துவாரம் அடைத்த வீடு இன்னும் இருக்கலாம். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

---

பனைநிழல் | மார்ச் 8, காலை 10.30

மூங்கில் கோலில் பூசி இறக்கினேன். நிறம் மாறவில்லை. லொறி நாளைக்கு.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். தனியாக இருக்கிறார், 81 வயது. அவருடைய துவாரத்துக்குள் ஒரு பழைய கம்பளிக் காலுறை இருந்தது. எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, எங்களுக்கு வந்தவரின் இலக்கத்தைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வருகிறார். அதுவரை மாமா அறையின் அலாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறேன், மாமாவுக்கு வேறொன்று வாங்கியாயிற்று.